இந்தித் திரையிசையில் கிராமிய ஆடற்பாடல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

இந்தித் திரைப்படப் பாடல்களுள் தலைமுறைகளைக் கடந்து ஜனங்களின் நாவில் நிலைத்திருப்பவற்றை ஆராயப் புகுவோர், ராகபாவம் ததும்பும் தனிப்பாடல்களோடு, அறுவடைக் களத்திலும் கல்யாண முற்றத்திலும் ஹோலிப் பண்டிகையிலும் கிராம மக்கள் கூடி ஆடிப் பாடிய மெட்டுகளின் வழிவந்தவையும் சம ஆசனத்தில் வீற்றிருக்கக் காண்பர். இப்பிரபலத்துக்கு மெட்டின் இனிமையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆயினும் அது முழுமையான விடையாகாது. ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் வாங்கிப் பாடும் அமைப்பும், பார்த்திருப்போரையும் கைதட்டத் தூண்டும் தாளக்கட்டும், அந்த ஆட்டம் பிறப்பதற்கு ஏதுவாயிருந்த சமூக சந்தர்ப்பமும் ஒன்றுசேர்ந்து திரைக்கு வந்தமையே அதன் மூலகாரணம் என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1931 மார்ச் 14 அன்று வெளியான முதல் இந்தியப் பேசும் படமாகிய ‘ஆலம் ஆரா’வில் ஏழு பாடல்கள் இடம்பெற்றன, மறு ஆண்டு வந்த ‘இந்திரசபா’விலோ ஏறத்தாழ எழுபது. எனினும் அக்காலத்துப் பாடல்கள் பார்ஸி நாடக மேடையின் சந்ததிகளேயன்றி வயல்வெளியின் சந்ததிகள் அல்ல. நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்த அந்நாளில், ஒலிவாங்கியை விட்டு விலகிச் சுழன்று ஆடுவது எவ்வாறு இயலும்? 1935இல் ‘தூப் சாவ்’ படத்தில் பின்னணி பாடும் முறை கையாளப்பட்டு, குரலும் உடலும் வெவ்வேறாகப் பிரிந்த பின்னரே, கூட்டமாக ஆடும் கிராமிய நடனத்துக்குத் திரையில் இடம் பிறந்தது. அந்த இடத்தை முதலில் நிரப்பியது பஞ்சாப். 1941இல் லாகூரில் தயாரான ‘கஜான்சி’ படத்துக்கு இசையமைத்த குலாம் ஹைதர், அதுவரை பக்கவாத்தியமாக அடங்கியிருந்த டோலக்கைப் பாடலின் ஜீவநாடியாக்கி, திரையிசையின் நடையையே துரிதப்படுத்தினார்.

1947ஆம் ஆண்டுப் பிரிவினை லாகூர்க் கலைஞர்கள் பலரைப் பம்பாய்க்குப் பெயர்த்தது. மேற்குப் பஞ்சாபின் சியால்கோட், குஜராத் ஆகிய மாவட்டங்களில் வைசாகி அறுவடையோடு பிணைந்திருந்த பாங்ரா ஆட்டமும் தன் விளைநிலத்தை இழந்து, புது இந்தியாவில் புதிய அரங்கைத் தேடிற்று. பாட்டியாலா மகாராஜாவின் ஆதரவு பெற்ற சுனாம் ஊர் மனோகர் தீபக்கின் குழு, 1954ஆம் ஆண்டுக் குடியரசு தின விழாவில் தலைநகரில் பாங்ரா ஆடியது. அக்குழுவினரே பின்னர் ‘ஜாக்தே ரஹோ’ (1956), ‘நயா தௌர்’ (1957) ஆகிய படங்களிலும் தோன்றினர். முன்னதற்கு இசையமைத்த சலீல் சௌத்ரியும், அதன் பஞ்சாபிப் பாடலை இயற்றிய பிரேம் தவனும் இந்திய மக்கள் நாடக சங்கத்தில் பயின்றவர்கள் என்பது கருதத்தக்கது. கிராமியக் கலையை அலங்காரப் பொருளாக அன்றி உழைப்போரின் சொந்தக் குரலாக மதிக்கும் நோக்கு அச்சங்கத்தின் வழியே திரைக்கு வந்தது.

‘நயா தௌர்’ இந்த வளர்ச்சியின் சிகரம் எனலாம். லாகூரில் பிறந்த ஓ. பி. நய்யார், ஆண்களும் பெண்களும் எதிரெதிர் நின்று ஈரடிகளால் ஒருவரையொருவர் சீண்டிப் பாடும் பஞ்சாபிய முறையை அப்படியே எடுத்தாண்டார். அதே படத்தில் நண்பர் இருவர் பாடி ஆடும் பாங்ராப் பாடலை, வடநாட்டு மாப்பிள்ளை ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் இன்றளவும் வாசித்து வருகின்றனர். களத்திலிருந்து திரைக்குச் சென்ற வடிவம், மீண்டும் தெருவுக்கு வந்து மக்களின் சடங்கில் கலந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வளர்ச்சி தடையின்றி நிகழ்ந்ததன்று. கிராமிய நடனங்களைத் தலைநகருக்கு அழைத்துப் போற்றிய அதே அரசாங்கத்தில், பி. வி. கேஸ்கர் மந்திரியாயிருந்த 1950களில், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டன. நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3 அன்று ‘விவித பாரதி’ தொடங்கப்பெற்ற பின்னரே அப்பாடல்களுக்குத் தாய்நாட்டு வானொலியில் உரிய இடம் மீண்டும் கிட்டிற்று.

பஞ்சாபுக்குப் பின் ஏனைய பிரதேசங்களும் திரையேறின. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் பாலப் பருவத்தைக் கழித்த சலீல் சௌத்ரி, ‘மதுமதி’யில் (1958) அங்கே கேட்ட மெட்டுகளின் சாயலைப் பதித்தார். லக்னோவில் பிறந்த நௌஷாத், அவத வட்டார வழக்கிலேயே பேசிய ‘கங்கா ஜமுனா’வில் (1961) அம்மண்ணின் திருவிழா ஆட்டத்தை மொழியும் தாளமும் பிரியாமல் தந்தார். பணீஷ்வர்நாத் ரேணுவின் சிறுகதையைத் தழுவிய ‘தீஸ்ரீ கஸம்’ (1966) பீகாரின் நௌடங்கி ஆட்டக்காரியின் வாழ்வையே கதாவஸ்துவாகக் கொண்டது. இப்படங்களில் வடநாட்டு ஆட்டங்களை ஆடியோருள் சென்னையில் பிறந்த வைஜயந்திமாலாவும் செங்கற்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மானும் பரதநாட்டியம் பயின்றவர்கள். ஆதலின் திரையில் கண்ட கிராமிய நடனம், களத்து ஆட்டமும் சாஸ்திரிய அடவும் கலந்து பிறந்த புதியதொரு வடிவமாயிற்று.

கட்ச்சி குஜராத்தியரான கல்யாண்ஜி–ஆனந்த்ஜி ‘சரஸ்வதிசந்திரா’வில் (1968) கர்பா ஆட்டப்பாடலை அமைத்துத் தேசிய விருது பெற்றனர். 1999இல் ‘ஹம் தில் தே சுகே ஸனம்’ அதே கர்பாவைப் பேரரங்கில் காட்டி, நடன அமைப்புக்கான தேசிய விருதை ஈட்டியது. ராஜஸ்தானின் மங்கணியார் குடியினரின் மரபில் வழங்கிய பாடலொன்றும் அப்படத்தில் புத்துருப் பெற்றது. மண்டபமும் உடையும் பெருகப் பெருக, எந்த மாதத்தில் எதற்காக ஆடப்பட்டது என்ற செய்தி மங்கியதை மறுக்க இயலாது. ஆனால் எடுத்துக்கொடுப்பதும் வாங்கிப் பாடுவதுமாகிய உள்ளமைப்பு மாறவில்லை. ஜனங்களை ஈர்த்ததும் அதுவே.

ஆகவே இவ்வரலாறு இரு முடிபுகளை நமக்குத் தருகிறது. சபையோரைப் பங்காளிகளாக்கும் குணம் எந்தப் பாடலில் காக்கப்பட்டதோ அதுவே நிலைத்தது என்பது முதலாவது. மூலத்தைக் காத்த சமூகங்களுக்குத் திரையுலகம் பட்டுள்ள கடன் தீரவில்லை என்பது இரண்டாவது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையை உறுதிசெய்தது. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் பாடலைப் பேணிய மங்கணியார், லங்கா போன்ற குடிகளோ ‘ஆசிரியர்’ என்ற சட்ட வரையறைக்குள் வருவதில்லை. 1960இல் கோமல் கோத்தாரியும் விஜய்தான் தேத்தாவும் ஜோத்பூருக்கு அருகே போருந்தாவில் நிறுவிய ரூபாயன் ஸம்ஸ்தான், பாடலைப் பாடினோரின் குலத்தையும் ஊரையும் சேர்த்தே பதிந்துவைக்க இயலும் என்று காட்டியுள்ளது. அப்பதிவை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு படத்தின் பெயர்ப்பட்டியலிலும் மூல சமூகத்தின் பெயரைப் பொறிப்பதும், வருவாயில் அவர்களுக்கு ஒரு பங்கை ஒதுக்குவதும் நியாயமான முதற்படியாகும்.