எம்ஜிபி மகிழுந்தின் பிரேக் குழாய்கள்

எம்ஜிபி என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். இதன் பிரேக் நீர்மம் எஃகுக் குழாய்களிலும், முன்சக்கரங்களுக்கு இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று என மூன்று நெகிழ் ரப்பர் குழாய்களிலும் செல்கிறது.

முதிர்ந்த ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உட்புறம் உப்பி வழியை அடைத்துவிடலாம். மிதியின் அழுத்தத்தால் உள்ளே சென்ற நீர்மம் மிதியை விட்டபின் எளிதில் திரும்பாது. பிரேக் விடுபடாமல் சக்கரம் சூடேறும். இதனைக் காலிப்பர் பழுது எனத் தவறாகக் கருதுவதுண்டு.

மாற்றாகப் பொருத்தப்படும், துருப்பிடிக்காத எஃகு இழை பின்னிய டெஃப்லான் குழாய் அழுத்தத்தில் குறைவாகவே விரியும். எனவே மிதி உறுதியாக இருக்கும். ஆனால் டயரின் பிடிப்பு கூடிவிடாது. உட்குழாயின் விரிசலைப் பின்னல் மறைத்துவிடுவது இதன் குறை. பொருத்தியபின் காற்றுக் குமிழ்களை முற்றிலும் வெளியேற்றாவிடில், புதுக்குழாயிலும் மிதி பஞ்சுபோல் அமுங்கும்.