கண்காணிப்போருக்குப் படியளப்பவர் யார்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களின் வீடுகளில் விருந்தினர் வரவும் தொடங்கிவிடும். அப்படி ஒரு சீசனில் வந்த உறவினர், வாகன நிறுத்தக் கட்டணச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தபடி, "இந்தப் பணத்துக்கெல்லாம் கணக்குப் பார்ப்பது யார்?" என்று கேட்டார். "உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை" என்றேன். "அவர்களுக்குச் சம்பளம் தருவது?" "மாநில அரசு." "அந்த அரசின் கணக்கைப் பார்ப்பவருக்கு?" அருவியில் கூட்டம் சற்றே குறைந்திருந்ததால் பேச்சு அத்துடன் நின்றது. ஆயினும் அந்த மூன்றாவது கேள்வி என்னை விடவில்லை.

அதற்கு அரசமைப்புச் சட்டம் தெளிவாகவே விடை சொல்கிறது. தமிழக அரசின் வரவு-செலவைத் தணிக்கை செய்பவர் இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவர். அவரது அலுவலகத்தின் நிர்வாகச் செலவு முழுவதும், ஊழியர் ஊதியம் உள்பட, 148(6)-ஆவது பிரிவின்படி இந்தியத் தொகுப்பு நிதியைச் சாரும். தமிழக நிதித் துறை நினைத்தாலும் அதில் ஒரு காசைக் குறைக்க முடியாது. நாடாளுமன்றம் அதை விவாதிக்கலாம். ஆனால், அது வாக்கெடுப்புக்கு உட்பட்டதன்று. தணிக்கை செய்யப்படுபவரிடம் தணிக்கையாளர் கையேந்தக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

மாநில அளவிலும் இத்தகைய பாதுகாப்பு சிலருக்கு உண்டு. ஆளுநர், பேரவைத் தலைவர், துணைத் தலைவர், உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் ஊதியத்தை 202(3)-ஆவது பிரிவு காக்கிறது. உயர்நீதிமன்ற நிர்வாகச் செலவை 229(3)-ஆவது பிரிவும், தேர்வாணையச் செலவை 322-ஆவது பிரிவும் காக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முடிவு ஆளுங்கட்சிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதன் செலவுத் தொகையைப் பேரவையில் வாக்களித்து வெட்டிவிட முடியாது.

ஆனால், சட்டப்பேரவையின் நிலை வேறு. தனிச் செயலகம் வைத்துக்கொள்ள 187-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அந்தச் செயலகத்துக்கும் 234 உறுப்பினர்களுக்கும் ஆகும் செலவு, மானியக் கோரிக்கை எண் 1-ஆக அவையின் வாக்கெடுப்புக்கே வருகிறது. உறுப்பினர் ஊதியத்தை அவையே சட்டமியற்றி முடிவு செய்கிறது. 2017-இல் அது ரூ.55,000-இலிருந்து ரூ.1,05,000 ஆனபோது தேநீர்க் கடைகளில் எழுந்த கோபம் நினைவிருக்கலாம். அந்தக் கோபம் தவறான இடத்தில் செலவழிந்தது என்பது என் கருத்து. ஊதியம் கண்ணுக்குத் தெரிகிறது. பேரவைக் குழுக்கள் தணிக்கை அறிக்கைகளை ஆராய எத்தனை அலுவலர்கள் இருக்கிறார்கள் என்பது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. பொதுக் கணக்குக் குழு உரிய காலத்தில் கூடாவிட்டால், மேற்சொன்ன தணிக்கைத் தலைவரின் அறிக்கை அவையின் மேசையோடு நின்றுவிடும்.

உண்மையில் கவலைக்குரியவை பின்னாளில் பிறந்த அமைப்புகளே. 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவைப் பாருங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, பேரவையின் ஒப்புதலுக்குப் பின், மாநில அரசு 'தகுதியெனக் கருதும்' தொகையை மானியமாக வழங்கும் என்கிறது அது. அந்த ஆணையம் விசாரிப்பதோ பெரும்பாலும் அரசின் காவல்துறையை! தகவல் ஆணையர்களின் ஊதியத்தையும் பதவிக் காலத்தையும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்திருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை மத்திய அரசின் விதிகளிடம் ஒப்படைத்துவிட்டது. இதற்கு மாறாக, 2013-ஆம் ஆண்டு லோக்பால் சட்டத்தின் 13-ஆவது பிரிவு லோக்பாலின் நிர்வாகச் செலவை இந்தியத் தொகுப்பு நிதியில் நேரடியாகச் சேர்த்தது. தேர்தல் ஆணையத்துக்கும் அத்தகைய ஏற்பாட்டை மத்திய அரசும் நாடாளுமன்றமும் பரிசீலிக்க வேண்டும் என 2023 மார்ச் மாதத்தில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கேட்டுக்கொண்டது. ஆக, வழி தெரியாமல் இல்லை.

கண்காணிக்கப்படுபவரே கண்காணிப்பவருக்குப் பணம் கட்டும் முறையும் நமக்குப் புதிதன்று. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யைக் கம்பன் வழியாகவே அறிந்தவர்கள் அதிகம். அவர் சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினராகவும், பின்னர் 1930 முதல் 1935 வரை அறநிலைய ஆணையராகவும் இருந்தவர். அன்றைய அறநிலைய வாரியம் கோயில்கள் செலுத்திய பங்குத் தொகையைக் கொண்டே நடந்தது. 1954-இல் சிரூர் மடம் வழக்கில், 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலித்த அந்தத் தொகை கட்டணமன்று, வரியே என உச்சநீதிமன்றம் கூறி, அப்பிரிவைச் செல்லாததாக்கியது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வடிவில் அதைத் தொடர்ந்தது. தென்காசி காசிவிசுவநாதர் கோயிலும் குற்றாலநாதர் கோயிலும் இன்று அந்தச் சட்டத்தின் கீழேதான் உள்ளன. கோயில் கட்டும் பணத்தில் கோயிலைக் கண்காணிப்பது சரியா என்ற வழக்காடல் இன்னும் ஓயவில்லை. நானும் அதில் ஒரு முடிவுக்கு வந்தவனல்லன்.

பணத்தை நிறுத்தினால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் காட்டியது. 2017-இல் வரிச் சட்டம் ஒன்றில் பிணக்கு முற்றியபோது, ஆளுநர் மார்க் டேட்டன் இரு அவைகளின் செலவுக்கான ஒதுக்கீட்டையே அடித்துவிட்டார். அவர் செய்தது செல்லும் என்று அந்த மாநில உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது. இருப்புப் பணத்தைக் கொண்டு காலம் தள்ளிய சட்டமன்றத்துக்கு 2018 பிப்ரவரியில்தான் நிதி மீண்டது. நம் ஆளுநர் பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது என்பதால் இங்கே அந்த ஆபத்து இல்லை. நமக்குள்ள ஆபத்து ஓசையற்றது: காலிப் பணியிடம் நிரப்பப்படாது, கோப்பு நிதித் துறையில் உறங்கும். பிரிட்டனில் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் செலவுத் திட்டத்தை ஆராய்வது நிதி அமைச்சகமன்று. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நாடாளுமன்ற ஆணையம்.

அப்படியொரு பேரவைக் குழு இங்கும் அமைய வேண்டும் என்பது என் விருப்பம். தகவல் ஆணையம், மனித உரிமை ஆணையம், லோக் ஆயுக்த ஆகியவை தங்கள் தேவையை நிதித் துறையிடம் அல்லாமல் அந்தக் குழுவிடம் வைக்கட்டும். சென்னையில் ஒரு விசாரணைக்காகப் பொதிகை விரைவு ரயிலில் இரவெல்லாம் பயணம் செய்யும் தென்காசி மனுதாரருக்கு, அங்கே ஆணையர் நாற்காலி காலியாக இருக்கிறதா என்பது சிறிய விஷயமன்று. நம் மாவட்டத்திலிருந்து சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி, ஆலங்குளம் என ஐந்து தொகுதி உறுப்பினர்கள் பேரவைக்குச் செல்கிறார்கள். இந்த ஆணையங்களுக்கான மானியக் கோரிக்கை வரும் நாளில் வெட்டுத் தீர்மானம் கொடுத்து விளக்கம் கேட்க அவர்களில் எவருக்கும் உரிமை உண்டு.