சங்கு தேடியவர் கண்ட கப்பல்

கனடாவில் வாழும் என் பெறாமகன் விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்திருந்தான். ஒரு மாலை ரெயில் பாதையைக் கடந்து கடற்கரையில் போய் அமர்ந்தோம். சென் லோரன்ஸ் ஆற்றில் தான் சுழியோடிய கதையைச் சொன்னான். உடல் விறைக்கும் குளிர். ஆனால் ஆற்றின் அடியில், நூறாண்டுக்கு முன் மூழ்கிய மரக்கப்பலொன்று பலகை குலையாமல் கிடந்ததாம்.

"சித்தப்பா, எங்கட கடலில இப்படி ஒன்றும் இல்லையோ?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு உப்புநீரில் வாழ்வது. குளிர்ந்த நன்னீரில் அதற்கு வாழ்வில்லை. எங்கள் வெப்பக்கடலோ அதற்கு விருந்து மண்டபம். நாங்கள் பார்த்திருந்த கொழும்புக் கடலின் அடியில் 'வூஸ்டர்ஷயர்', 'பேர்சியஸ்' என்னும் கப்பல்கள் கிடக்கின்றன. 1917 பெப்ரவரியில் ஜேர்மனியரின் 'வொல்ஃப்' இட்ட கண்ணிவெடிகளுக்கு இரையானவை. அவை உருக்குக் கப்பல்கள், ஆகவே எஞ்சின. மரக்கலம் என்றால் கதை வேறு.

ஆயினும் நேயர்களே, தென்கரையில் ஒரு பழைய மரக்கலம் தன் சுவட்டை விட்டுச் சென்றிருக்கிறது. வளவை கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே உள்ளது கொடவாய. 2003இல் அங்கே சங்கு தேடி இறங்கிய உள்ளூர்ச் சுழியோடிகள், நூறு அடிக்கும் கீழே, கால் வைத்துச் செதுக்கிய அரைகல் ஒன்றைக் கண்டார்கள். அதில் மீன், ஸ்ரீவத்சம், நந்திபாதம் ஆகிய மங்கலச் சின்னங்கள் இருந்தன. செய்தி தொல்லியலாளருக்கு எட்டியது. பின்னர் நடந்த ஆய்வுகளில் கண்ணாடிக் கட்டிகளும், துருவேறி இறுகிய இரும்பும், எங்கள் பக்கத்துப் பழைய குடியிருப்புகளில் காணும் கருப்பு சிவப்பு மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. எஞ்சிய மரத்துண்டுகளின் காலம் கி.மு. 2 முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை எனக் கணிக்கப்பட்டது. இந்து சமுத்திரத்தில் கண்டறியப்பட்ட சிதைவுகளுள் இதுவே மிகப் பழையதென்று கருதுகிறார்கள்.

கொடவாயவில் ஒரு கல்வெட்டும் உண்டு. அந்தத் துறைமுகத்தின் சுங்க வருமானத்தை விகாரைக்கு வழங்கியவன் முதலாம் கஜபாகு. கண்ணகி விழாவுக்குச் சேரநாடு சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறும் கயவாகு இவனே என்பர் அறிஞர். கப்பல் மூழ்கியது அவனுக்கு முன்னர். ஆனாலும் சுங்கம் கொட்டிய அந்தத் துறைக்கு எத்தகைய கலங்கள் வந்தன என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அதைச் சொல்வது கடலடியில் கிடந்த அரைகல்லும் கண்ணாடியும்தான்.

அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். முதுகில் சுமக்கும் காற்றும் அவ்வளவு வேகமாகத் தீரும். அத்தனை சிரமத்தில் எடுத்த கல்லைச் சங்கோடு சங்காக விற்றிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? இரண்டாயிரம் ஆண்டுச் சரித்திரம் ஒரு வரவேற்பறை அலங்காரமாகப் போயிருக்கும். குளிர்ந்த ஆறு தன் கப்பலைத் தானே பாதுகாக்கிறது. எங்கள் கடலில் அந்தப் பொறுப்பு, முதலில் இறங்குகிற மனிதனுடையது.

"அடுத்த முறை கொடவாயவுக்குப் போவம் சித்தப்பா" என்றான் பெறாமகன்.

"போவம். ஆனால் ஒரு சிறு ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது" என்றேன்.