வெள்ளிக்கிழமையில் வந்த ஞாயிறு



வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய கிறிஸ்தவர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், "அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எந்தக் கிழமை போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "வெள்ளிக்கிழமை" என்பார். கேட்பவருக்குச் சிரிப்பு வரும், சொல்பவருக்கு வராது. 1995 முதல் 2012 வரை துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். திருவருகைக் காலம் நடக்கும் இந்த மாதத்தில் அந்த வெள்ளிக்கிழமையின் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

அரபு மண்ணுக்குக் கிறிஸ்தவம் எண்ணெயோடு வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அபுதாபிக்கு மேற்கே சர் பனி யாஸ் தீவில் 1992-ல் ஒரு பழைய துறவி மடம் கண்டுபிடிக்கப்பட்டது. 7, 8-ஆம் நூற்றாண்டுக் காலத்தது. சுண்ணச் சாந்தில் செய்த சிலுவைகள் அங்கே கிடைத்தன. உம்மல் குவைனின் சினியா தீவில் இன்னொரு மடம் கிடைத்திருப்பதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். இந்தத் துறவிகள் பாரசீகத்தை மையமாகக் கொண்ட கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்களுக்கும் அந்தக் காலத்தில் அதே திருச்சபையோடுதான் உறவு. ஆனால் அந்த மரபு வளைகுடாவில் இடையிலேயே அறுந்து போயிற்று. நம் ஆட்கள் போய்ச் சேர்ந்த பங்குகள் வேறு.

அவை வெளியூர் உழைப்பாளிகளுக்காகத் தோன்றியவை. பஹ்ரைனில் 1932-ல் எண்ணெய் கிடைத்தது. ஆட்சியாளர் கொடுத்த நிலத்தில் 1939-ல் மனாமாவில் திரு இருதய ஆலயம் எழுந்தது. அங்கே முதல் பூசை நடந்தது அந்த ஆண்டின் கிறிஸ்துமஸுக்குத்தான். குவைத்தின் எண்ணெய் நகரமான அஹ்மதிக்கு 1948-ல் கார்மேல் சபைக் குருவானவர் வந்தார். அபுதாபி கடற்கரைச் சாலையில் ஷேக் ஷக்பூத் கொடுத்த இடத்தில் 1965-ல் புனித சூசையப்பர் ஆலயமும், துபாயில் ஷேக் ராஷித் கொடுத்த இடத்தில் 1967-ல் புனித மரியன்னை ஆலயமும் திறக்கப்பட்டன. துபாயிலிருந்து முதல் எண்ணெய் ஏற்றுமதி ஆனது 1969-ல். அமீரகம் என்ற நாடு பிறந்தது 1971-ல். அதாவது நாட்டைவிடக் கோயிலுக்கு வயது அதிகம். கூட்டம் கொள்ளாமல் துபாய் ஆலயத்தை 1989-ல் பெரிதாகக் கட்டினார்கள். கத்தாரில்தான் 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே கட்டிய ஜெபமாலை அன்னை ஆலயத்தின் வெளியே சிலுவையும் இல்லை, மணியும் இல்லை.

நிலம் கிடைத்தது. கிழமை கிடைக்கவில்லை. அமீரகத்தின் 1980-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எங்களைப் போன்றவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான். ஞாயிறு என்பது விடிகாலை கம்பெனி பஸ் பிடிக்க ஓடும் நாள். திருச்சபை என்ன செய்யும்? ஞாயிறு வழிபாட்டை அதே வாசகங்களோடு வெள்ளிக்கிழமையிலேயே நடத்தியது. பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்களும், கோயிலுக்குப் போகிறவர்களும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். காலையிலிருந்து இரவு வரை ஆங்கிலம், மலையாளம், தமிழ், கொங்கணி, அரபி, தகாலோக் என்று பூசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஒரு மொழிக்காரர் வெளியேறும் வாசலில் அடுத்த மொழிக்காரர் நிற்பார். தமிழ்ப் பூசைக்கு நேரத்துக்குப் போக வேண்டுமானால் கேம்ப்பிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

திருவருகைக் காலத்தில் இது இன்னும் வேடிக்கையாகும். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். ஊரில் ஞாயிறு அன்று முதல் மெழுகுதிரி ஏற்றுவார்கள். நாங்கள் இரண்டு நாள் முன்னதாக, வெள்ளியன்றே ஏற்றிவிடுவோம். கடற்கரையில் இருக்கும் என் அம்மாவுக்கு முன்னால் நான் ஆண்டவரை வரவேற்கத் தொடங்கியிருப்பேன். டிசம்பர் 2 அமீரகத்தின் தேசிய நாள் என்பதால் தெருவெல்லாம் வண்ண விளக்குத் தோரணம் தொங்கும். புதிதாக வந்த பையன்கள் அது கிறிஸ்துமஸுக்குத்தான் என்று நம்பிக்கொண்டு இருப்பார்கள். நாங்களும் அவசரப்பட்டுத் திருத்துவதில்லை.

குடில் கட்டுவது பெரிய வேலை. மலைக்குச் சிமெண்ட் சாக்குக் காகிதம் வேண்டும், அது எங்கள் ஸ்டோரில் மலையாகவே கிடந்தது. மணலுக்குக் கேட்கவே வேண்டாம். வைக்கோல்தான் கிடைக்காது. பேரீச்ச ஓலையைக் கிழித்துப் போட்டுச் சமாளிப்போம். யோசித்துப் பார்த்தால் பெத்லகேமுக்கு நம் ஊர் வைக்கோலைவிட அதுதான் பொருத்தம். கேரல் பாடிக்கொண்டு தெருவில் போக முடியாது. பொது இடத்தில் மதப் பரப்புரை கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அதனால் கேம்ப்பில் அறை அறையாகப் போவோம். அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே நின்று மெதுவாகப் பாடுவோம். கராமா கடையில் வாங்கிய காகித நட்சத்திரம் மேல் கட்டிலின் கம்பியில் தொங்கும். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் பாடும் கேரலை நம் ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள் விடிகாலைப் பூசை காண்பவர்கள். வேலைக்காக அவர்களும் அதை அங்கே மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

டிசம்பர் 25 அமீரகத்தில் அரசு விடுமுறை அல்ல. அது வெள்ளியில் விழுந்தால்தான் முழுநாள் கிறிஸ்துமஸ். என் காலத்தில் அப்படி விழுந்தது 1998-லும் 2009-லும் மட்டும். 1998-ல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது ரமலானின் முதல் வாரம். பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து வரும். 1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிறிஸ்துமஸ் நோன்பு மாதத்தில்தான் வந்தது. பகலில் வெளியிடத்தில் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. பூசை முடிந்து முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் பொட்டலமாகவே கைக்குக் கைமாறின, யாரும் பிரிக்கவில்லை. எங்கள் அறையில் கீழக்கரைக்காரர் ஒருவரும் காயல்பட்டினத்துக்காரர் ஒருவரும் இருந்தார்கள். மஃரிப் பாங்கு சொன்னதும் நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் பலகாரத்தை வைத்துச் சாப்பிட்டோம். "உங்களுக்கும் இன்னைக்கு நோன்புதான் போலிருக்கே மச்சான்" என்றார் காயல்காரர்.

2004-ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் 24 வெள்ளி, எல்லோரும் நிம்மதியாக நள்ளிரவுப் பூசை கண்டோம். 26 ஞாயிறு. ஊரில் அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஓய்வு நாள். எங்களுக்கு வேலை நாள். ஸ்டோரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் ஓடிவந்து, ஊருக்குள் கடல் வந்துவிட்டது என்றார். எங்கள் கேம்ப்பில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக்காரர்கள் இருந்தார்கள். அன்று முழுவதும் போன் கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் நல்ல மனிதர், யாரையும் வேலை செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்க முடியாமல் பலர் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். அடுத்த வெள்ளி டிசம்பர் 31. ஆண்டு முடிவு நன்றி வழிபாட்டுக்குக் கூடிய தமிழர்கள் நடுவே ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எங்காவது ஓர் ஆள் தலை குனிந்தார். டிக்கெட் கிடைத்துப் போய்விட்டவர்களின் இடங்கள் பெஞ்சில் காலியாக இருந்தன.

சவூதியில் இருந்தவர்களுக்கு அந்தப் பெஞ்சும் கிடையாது. அங்கே கோயில் இல்லை. தம்மாம் பக்கம் வேலை பார்த்தவர்களில் மறுநுழைவு விசா கிடைத்தவர்கள், 1986-ல் திறந்த கடல் பாலத்தைக் கடந்து பஹ்ரைனுக்கு வந்து கிறிஸ்துமஸ் பூசை காண்பார்கள். விசா கிடைக்காதவர்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் சொல்லுவார்கள்.

வளைகுடாப் பங்குகளில் நான் அதிகம் பார்க்காதவர்கள் வயதானவர்கள். வேலை முடிந்தால் விசா முடிந்தது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஞானஸ்நானப் பதிவேடு தடித்துக்கொண்டே போகும், ஆனால் "அந்தக் காலத்திலே" என்று பேச ஒரு தாத்தா இருக்க மாட்டார். அந்த நினைவெல்லாம் இப்போது நம் கடற்கரைத் திண்ணைகளில்தான் கிடக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. 2022 ஜனவரி முதல் அமீரக அரசு சனி, ஞாயிறை வார விடுமுறையாக்கி வெள்ளியை அரை நாள் ஆக்கியது. புதிய தொழிலாளர் சட்டம் அதே ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு கட்டாயம், அது எந்த நாள் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆலயங்களும் வார வழிபாட்டைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டன. மாற்றம் வந்த முதல் ஆண்டே கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. பழைய நண்பர்கள் பலருக்கு மகிழ்ச்சிதான். எனக்கென்னவோ, ஒரு வீட்டை இடித்துவிட்டதைப் போல இருந்தது.

குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமனில் இன்னும் வெள்ளி, சனிதான் விடுமுறை. என் தம்பி மகன் குவைத்தில் இருக்கிறான். திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று பூசை முடிந்து வந்து அவனுக்குப் போன் செய்தேன். வேலைக்கு நடுவே எடுத்தான். "பெரியப்பா, நாங்க முந்தாநாளே மெழுகுதிரி கொளுத்தியாச்சு" என்றான்.