டோர்ட்ரெக்ட்: கிருபையைத் தள்ளிவிட முடியுமா?

1619 மே 13. ஹேக் நகரில் எழுபத்தொரு வயதுக் கிழவர் ஒருவரின் தலை வெட்டப்பட்டது. டச்சுக் குடியரசை எழுப்பியவர்களில் ஒருவரான யோஹன் ஃபான் ஓல்டன்பார்நெவெல்ட். நான்கு நாள் முன்புதான் டோர்ட்ரெக்ட்டில் கூடிய திருச்சபை மாமன்றம் தன் வெளிநாட்டு விருந்தினரை வழியனுப்பியிருந்தது. அங்கே முக்கியமாக விவாதித்தது இந்தக் கேள்வியைத்தான்: நாம் இரட்சிக்கப்படுவதில் நமக்கு ஏதாவது பங்கு உண்டா?

கேள்வியைக் கிளப்பியவர் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்மீனியஸ். மனிதன் தன் முயற்சியால் கரையேறிவிடுவான் என்று அவர் சொன்னதாக நினைப்போம். அப்படியில்லை. கிருபை இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதை அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் வருகிற கிருபையை வேண்டாம் என்று தள்ளிவிட மனிதனால் முடியும் என்றார். இல்லையென்றால் பாவத்துக்கும் கடவுள்தானே பொறுப்பாகிவிடுவார்?

சக பேராசிரியர் கோமாருஸ் எதிர்த்தார். ஏற்பதும் மறுப்பதும் என் கையில் என்றால், கடைசியில் என்னைக் காப்பாற்றியது நான்தானே? அப்புறம் கிருபை எதற்கு? இரண்டு பயமும் நியாயமானவைதான்.

அர்மீனியஸ் 1609இல் இறந்தார். மறுவருடம் அவர் ஆட்கள் ஐந்து கூற்றுகளை எழுதிக் கொடுத்தார்கள். விசுவாசி வழிதவறி விழக்கூடுமா என்ற ஐந்தாவதில் மட்டும், வேதத்தை இன்னும் ஆராய வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் தயக்கத்துக்கு அன்றைய அரசியலில் இடமிருக்கவில்லை. ஸ்பெயினுடன் போர்நிறுத்தம் செய்த ஓல்டன்பார்நெவெல்ட் இவர்கள் பக்கம். போரை விரும்பிய தளபதி மவுரிட்ஸ் எதிர்ப்பக்கம். நகரங்கள் சொந்தமாகப் படை திரட்டலாம் என்று ஹாலந்து 1617இல் தீர்மானித்ததும் விஷயம் முற்றியது. மறுவருடம் மவுரிட்ஸ் அவரைக் கைது செய்தார். 

மாமன்றத்துக்கு அர்மீனியர்கள் குற்றவாளிகள் மாதிரித்தான் அழைக்கப்பட்டார்கள். 1619 ஜனவரியில் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் இருநூறு போதகர்கள் வேலை இழந்தார்கள். ஆயுள் சிறையிலிருந்த அறிஞர் குரோஷியஸை 1621இல் மனைவி மரியா புத்தகப் பெட்டிக்குள் ஒளித்துத் தப்பவைத்தார்.

வென்றவர்கள் எழுதிய தீர்மானங்கள் கறாரானவை. கடவுள் தேர்ந்தெடுப்பது மனிதனிடம் முன்கூட்டியே கண்ட விசுவாசத்தை வைத்து அல்ல என்கின்றன. ஆனால் முதல் பகுதியின் பதினேழாவது பத்தியில் வேறொரு குரல் கேட்கிறது. பக்தியுள்ள பெற்றோர், கைக்குழந்தையாகவே இறந்துபோன தங்கள் பிள்ளைகளின் இரட்சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம் என்கிறது அது. குழந்தை விசுவாசித்ததா என்று கேட்கவில்லை. பெற்றோரோடு செய்த உடன்படிக்கைக்குள் அதுவும் அடக்கம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறது.

எதிராளிகளுக்கு இரங்காத மன்றம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த போதகர்களில் பலர் ஏதோவொரு வீட்டில் அந்தச் சின்னச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்கள்.