தங்கக் கம்பியும் மாட்டெலும்புப் பல்லும்

திருவான்மியூரிலும் அதை அடுத்த அடையாற்றிலும் பல் மருத்துவ நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே சென்றால் உத்தண்டியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இத்தனை வசதியிருந்தும் நம் சமுதாயப் பெரியவர்கள் சிலர் பல்லிழந்த வாயோடு காலந்தள்ளுகின்றனர். செலவு ஒரு காரணம். மார்க்கம் பற்றிய தயக்கம் மற்றொன்று. ‘பல்செட்’ வைத்துக்கொண்டால் கடமையான குளிப்பு நிறைவேறுமா? இறைவன் படைத்ததை மாற்றிய குற்றம் சேருமா? இவ்வினாக்களை அப்பகுதி அன்பர்கள் நம்மிடம் பலமுறை எழுப்பியுள்ளனர். இவை இன்று நேற்று எழுந்தவை அல்ல. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நம் சட்ட அறிஞர்களும் மருத்துவர்களும் இவற்றை ஆராய்ந்திருக்கின்றனர்.

இஸ்லாமியச் சட்டம் பல்லை அற்பமாகக் கருதியதில்லை. ஒருவரது பல்லைத் தகர்த்தவன் ஈட்டுத்தொகையாக 5 ஒட்டகங்கள் தரவேண்டும் என்பது ஹதீஸ் வழி வந்த விதி. ஹிஜ்ரீ 3 (கி.பி. 625) உஹதுப் போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன்பல்லே சேதமுற்றது என்பதை நாம் அறிவோம்.

செயற்கைப் பல் பற்றிய விவாதம் முழுவதற்கும் வேராக அமைந்தது, வியப்பாக, ஒரு மூக்கின் கதை. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) மூக்கை இழந்தார். வெள்ளியில் ஒரு மூக்கு செய்து பொருத்திக்கொண்டார். அதில் துர்நாற்றம் வீசவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெறுகிறது. ஆண்களுக்குத் தங்க அணிகலன் விலக்கப்பட்ட மார்க்கத்தில், உறுப்பிழந்தவரின் தேவைக்காகத் தங்கம் இசைவு பெற்றது. இமாம் திர்மிதீ (ரஹ்) இச்செய்தியை அடுத்து, கல்விமான்கள் பலர் தம் பற்களைத் தங்கத்தால் கட்டியிருந்தனர் என்றும் அவர்களுக்கு இதுவே ஆதாரம் என்றும் குறிக்கிறார். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் பற்கள் தங்கத்தால் கட்டப்பட்டிருந்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு.

ஆயினும் சட்ட அறிஞர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. ஆடும் பல்லை வெள்ளியால் கட்டலாம், தங்கம் வேண்டாம் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). வெள்ளியே போதுமானபோது தங்கத்தை ஏன் நாடவேண்டும் என்பது அவர்தம் கருத்து. அவருடைய மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) தங்கமும் கூடும் என்றார். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ், மறைவு 1277) மூக்கு, விரல்நுனி, பல் ஆகியவற்றைத் தங்கத்தில் அமைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாகவே எழுதுகிறார். அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதைக் கண்டித்த அதே சட்டம், இழந்ததை ஈடுசெய்வதை அதனின்றும் வேறாகக் கண்டது. பெரியவர்களின் முதல் தயக்கத்திற்கு விடை இவ்விடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

விழுந்த பல்லின் இடத்தில் எதை வைப்பது? கி.பி. 1191இல் மறைந்த ஹனஃபீ அறிஞர் காஸானீ தமது ‘பதாயிஉஸ் ஸனாயிஉ’ நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். தன் பல்லையே மீண்டும் பொருத்துவதை இமாம் அபூஹனீஃபா விரும்பவில்லை; முறைப்படி அறுக்கப்பட்ட ஆட்டின் பல்லை வைத்துக்கொள்ளட்டும் என்றார். இமாம் அபூயூசுஃப் தன் பல்லில் குற்றமில்லை என்றார். பிற மனிதரின் பல்லை வைப்பது மட்டும் கூடாது என்பதில் கருத்து வேற்றுமை எழவில்லை. மனித உடலின் கண்ணியம் அதற்குத் தடையாக நின்றது. ஏட்டளவிலான நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்கள் பிடுங்கப்பட்டு ஐரோப்பியச் செல்வர்களின் வாயில் ஏறின. அவ்வகைப் பற்களுக்கு ‘வாட்டர்லூ பற்கள்’ என்றே பெயர் நிலைத்தது.

சட்ட நூலிலிருந்து அறுவை அரங்கிற்கு வருவோம். 1013 அளவில் மறைந்த குர்துபா மருத்துவர் அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவீயின் ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகள் கொண்ட பெருநூல். அதன் இறுதிப்பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஆடும் பற்களை உறுதியான பற்களோடு சேர்த்துக் கம்பியால் பின்னிக் கட்டும் முறையை அதில் அவர் படத்துடன் விளக்குகிறார். கம்பியின் முனை நாவைக் குத்தாதவாறு பற்களுக்கிடையே மறைக்கவேண்டும் என்ற நுணுக்கத்தையும் விடவில்லை. கம்பி தங்கமாக இருத்தல் நலம். வெள்ளி சில நாள்களில் பச்சை பூத்துக் கெட்டுவிடும் என்கிறார். அர்ஃபஜாவின் வெள்ளி மூக்கு நாறிய செய்தியும் ஸஹ்ராவீயின் பட்டறிவும் ஓரிடத்தில் சந்திப்பதைக் காண்க. விழுந்த பல்லையே மீண்டும் வைத்துக் கட்டலாம். அல்லது மாட்டெலும்பில் பல்லைச் செதுக்கி வைத்துக் கட்டலாம், அது நெடுநாள் பயன்தரும் என்றும் அவர் குறிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவில் ஜெரார்டு என்னும் கிரெமோனா நகரத்தார் இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் அதைப் பயின்றனர்.

செயற்கைப் பல்லைக் கண்டுபிடித்தவர்களே முஸ்லிம்கள்தாம் என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அது மிகை. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இத்தாலியின் எத்ருஸ்கர்கள் தங்கப்பட்டையால் பற்களைப் பிணைத்தனர். ஸஹ்ராவீயின் பெருமை முதலில் செய்ததில் இல்லை. செய்முறையைப் பிறர் பின்பற்றுமாறு எழுதிவைத்ததில் இருக்கிறது.

பின்னர் நீர்யானைத் தந்தம், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கெட்டியாக்கிய ரப்பர், 1930களின் இறுதியில் அக்ரிலிக் என்று மூலப்பொருள்கள் மாறின. இந்தியாவில் இக்கலையைக் கல்லூரிப் படிப்பாக்கிய முதல்வர் ஒரு முஸ்லிம் என்பதை நம்மில் பலர் அறியார். 1890இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்த டாக்டர் ரஃபீஉத்தீன் அஹ்மத் அலிகரில் பயின்று, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி 1920இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். தொடக்க காலத்தில் அதற்குப் பொருளுதவியது அவர் நடத்திய ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்னும் ஐஸ்கிரீம் கடை! பல்லைக் கெடுக்கும் பண்டம் பல் மருத்துவம் கற்பித்தது என்று நாம் புன்னகைக்கலாம். 1949இல் கல்லூரியை அரசிடமே ஒப்படைத்தார். 1964இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடிவந்தது. மறு ஆண்டில் மறைந்தார். இன்று அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது; அதுவே இன்றைய அரசு பல் மருத்துவக் கல்லூரி.

பல்செட் வைத்தவுடன் துன்பமெல்லாம் நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. ஈறு புண்ணாகும், எச்சில் ஊறும், கீழ்வரிசை நழுவும். பல்லில்லாத தாடையெலும்பு ஆண்டுதோறும் தேய்வதால், நன்கு பொருந்தியிருந்ததும் தளர்ந்துபோகும். மருத்துவரிடம் உட்புறத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் இடவேண்டும். கொதிநீர் பட்டால் அக்ரிலிக் வளைந்துவிடும்.

நமக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. ‘ஃபா’ என்னும் அரபு எழுத்து மேல்வரிசை முன்பற்களின் விளிம்பு கீழுதட்டில் படப் பிறக்கிறது. ‘ஸா’, ‘தால்’, ‘ளா’ ஆகிய மூன்றும் அவ்விளிம்பை நாநுனி தொடப் பிறப்பவை. தமிழிலும் த, ந, வ என்னும் எழுத்துகளுக்குப் பல்லின் துணை வேண்டும் என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் சொல்லும். முன்பல்லை இழந்தவரின் ஓதுதல் குலைவது இதனால்தான். பல்செட் அணிந்த முதல் வாரங்களில் ‘ஸீன்’, ‘ஸாத்’ எழுத்துகள் சீழ்க்கையாய் ஒலிப்பதும் உண்டு. உரக்க ஓதிப் பழகப் பழக நா தன் இடத்தைக் கண்டுகொள்கிறது.

இனிக் குளிப்பு. ஷாஃபிஈ மத்ஹபினருக்குக் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது சுன்னத். ஆகவே பல்செட்டால் குளிப்புக்குக் குறை நேராது. ஹனஃபீகளுக்கு அது ஃபர்ளு. கழற்றத்தக்க பல்லின் அடியில் நீர் புகாவிடில், கழற்றிக் கொப்பளிக்க வேண்டும். எலும்பில் பதித்ததும் பசையிட்டு நிலையாகப் பொருத்தியதும் உடலின் உறுப்பாகவே கொள்ளப்படும். அவற்றைப் பெயர்க்கத் தேவையில்லை. ஒளுவில் இரு மத்ஹபுகளிலும் கொப்பளிப்பது சுன்னத்தே. மய்யித்தைக் குளிப்பாட்டும்போதும் இவ்வேறுபாடு கருதப்படுகிறது: எளிதில் வருவதை எடுத்துவிடுவர், இறுகப் பதிந்த பல்லை, அது தங்கமேயாயினும், வாயைச் சிதைத்துப் பிடுங்குவதில்லை.