இன்பாக்ஸ் உங்க கன்ட்ரோல்ல இருக்கா? லேப்டாப்பில் மெயிலும் காலண்டரும் செட் பண்ண ஒரு ஸ்டார்ட்டர் கைடு!

வாட்ஸ்அப்ல 'டிங்'னு சத்தம் கேட்டா மூணே செகண்ட்ல போனை எடுத்துடுறோம். ஆனா மெயில்? 'அது பாட்டுக்குக் கிடக்கட்டும்'னு விட்டுடுறோம். ஆப் ஐகான் மேல இருக்கிற சிவப்பு வட்டத்துல 4,000-னு நம்பர் வந்தாலும் பழகிப்போச்சு.

பிரச்னை என்னன்னா, வாழ்க்கையின் சீரியஸான விஷயங்கள் எல்லாம் இன்னமும் மெயில்லதான் வருது. இன்டர்வியூ அழைப்பு, ஆஃபர் லெட்டர், ஹால் டிக்கெட், விசா அப்பாயின்ட்மென்ட், பேங்க் ஸ்டேட்மென்ட்... லிஸ்ட் பெருசு. ஷாப்பிங் தள்ளுபடி மெயில்கள் 40-க்கு நடுவுல 'நாளை காலை 10 மணிக்கு நேர்காணல்' என்ற ஒரு மெயில் மாட்டிக்கிட்டா, அதை 6 இன்ச் ஸ்க்ரீன்ல கண்டுபிடிக்கிறது கஷ்டம்தான்.

இதுக்கு ஒரு பழைய, ஆனா இன்னமும் பக்காவா வேலை செய்யற தீர்வு இருக்கு. லேப்டாப்ல ஒரு மெயில் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணி, அதிலேயே காலண்டரையும் இணைச்சுக்கிறது. 'பிரவுசர்லயே ஜிமெயில் ஓப்பன் ஆகுதே, இது எதுக்கு?'ன்னு கேட்கிறவங்களுக்கும் சேர்த்துதான் இந்த கைடு.

எதுக்கு தனி சாஃப்ட்வேர்?

ஒண்ணு, நம்மில் பலருக்கு ஒரு மெயில் ஐடி இல்ல. சொந்த ஜிமெயில், காலேஜ் கொடுத்த ஐடி, ஆபீஸ் ஐடின்னு குறைஞ்சது மூணு இருக்கும். டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்ல மூணும் ஒரே ஜன்னல்ல, ஒரே இன்பாக்ஸா தெரியும்.

ரெண்டு, மெயில்களின் காப்பி உங்க லேப்டாப்புக்கே வந்துடும். நெட் இல்லாத ரயில் பயணத்திலும் பழைய மெயிலைத் தேடலாம், படிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம். நெட் கிடைச்சதும் அனுப்பிக்கலாம்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். படிப்பு முடிஞ்ச பிறகு பல கல்லூரிகள் மாணவர்களின் மெயில் ஐடியை மூடிடுறாங்க. புராஜெக்ட் ஃபைல், பேராசிரியர் எழுதிய பரிந்துரைக் கடிதம், இன்டர்ன்ஷிப் சான்றிதழ் எல்லாம் அதோட போயிடும். கையில் ஒரு காப்பி இருந்தா அந்தக் கவலை இல்ல.

எந்த சாஃப்ட்வேர்?

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் மெயிலும் காலண்டரும் கூடவே வந்துவிடும். விண்டோஸில் இருந்த பழைய 'மெயில் அண்ட் காலண்டர்' ஆப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்திருப்பது புதிய அவுட்லுக். இலவசம்தான். ஆனால் இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும். ஜிமெயில் போன்ற வெளி அக்கவுன்ட்டைச் சேர்த்தால், மெயில்களின் காப்பியை மைக்ரோசாஃப்ட்டின் க்ளவுடில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கும். அந்தத் திரையைப் படிக்காமல் 'ஓகே' அழுத்தாதீங்க.

இந்த கைடுக்கு நாம எடுத்துக்கிறது தண்டர்பேர்டு. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தந்த மொஸில்லா குடும்பத்திலிருந்து வருவது. முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது, பயனர்களின் நன்கொடையில் நடக்கிறது. முன்பு 'லைட்னிங்' என்ற தனி ஆட்-ஆனாக இருந்த காலண்டர், 2020-ல் வந்த 78-வது வெர்ஷனில் சாஃப்ட்வேரின் ஒரு பகுதியாகவே மாறியது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு ஆப்பும் வந்துவிட்டது.

ஐமேப்பா, பாப்பா?

இன்ஸ்டால் பண்ணும்போது குழப்புற ஒரே கேள்வி இதுதான்.

பாப் என்பது, தபால் பெட்டியிலிருந்து கடிதத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற மாதிரி. மெயில் உங்க கம்ப்யூட்டருக்கு வந்துடும். செட்டிங்கைப் பொறுத்து சர்வரில் காப்பி இருக்கலாம், அழிஞ்சும் போகலாம். ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்த காலத்துக்கு ஏத்தது.

ஐமேப் என்பது, பெட்டி அங்கேயே இருக்கும். நீங்க எத்தனை ஜன்னல் வழியா வேணும்னாலும் பார்க்கலாம். லேப்டாப்பில் படிச்சா போனிலும் 'படிச்சது'ன்னு காட்டும். லேப்டாப்பில் டெலீட் பண்ணா போனிலும் போயிடும். இந்தக் கடைசி வரியை மறக்காதீங்க. 'லேப்டாப்பில் இடம் அடைக்குது'ன்னு ஐமேப் ஃபோல்டரைக் காலி பண்ணா, ஒரிஜினலும் சேர்ந்து காலி!

போன், லேப்டாப் ரெண்டும் பயன்படுத்துறவங்க கண்ணை மூடிட்டு ஐமேப்பைத் தேர்வு செய்யலாம்.

செட் பண்றது எப்படி?

1. தண்டர்பேர்டு டாட் நெட் தளத்துக்குப் போய் டவுன்லோடு செய்யுங்க. வேற எந்தத் தளத்திலிருந்தும் எடுக்காதீங்க.

2. திறந்ததும் பெயர், மெயில் ஐடி கேட்கும். ஜிமெயில், அவுட்லுக், யாஹூ போன்றவற்றின் செட்டிங்ஸை அதுவே கண்டுபிடிச்சுடும்.

3. ஜிமெயில் என்றால் கூகுளின் லாக்-இன் பக்கம் ஒரு ஜன்னலில் திறக்கும். பாஸ்வேர்டை அங்கே கொடுத்து அனுமதி தரணும். அனுமதியை ரத்து செய்ய நினைச்சா, கூகுள் அக்கவுன்ட்டின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் எப்ப வேணும்னாலும் நீக்கிக்கலாம்.

4. காலேஜ், ஆபீஸ் ஐடியில் செட்டிங்ஸ் தானாகக் கிடைக்கலைன்னா, ஐடி பிரிவில் சர்வர் பெயரைக் கேட்டு வாங்குங்க. போர்ட் எண்கள் பொதுவாக இவைதான்: ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கான எஸ்எம்டிபிக்கு 465 அல்லது 587. சில நிறுவனங்கள் வெளி சாஃப்ட்வேரை அனுமதிக்கறதில்ல. அப்படின்னா குறுக்கு வழி தேடாம விட்டுடறதுதான் நல்லது.

5. முதல் தடவை மெயில் இறங்கும்போது டேட்டா நிறைய செலவாகும். போன் ஹாட்ஸ்பாட்ல போட்டா அன்னிக்குக் கோட்டா காலி. வைஃபை இருக்கும்போது செய்யுங்க. இல்லைன்னா அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போய், கடைசி 30 நாள் மெயில் மட்டும் போதும்னு மாத்திக்கோங்க.

ஜிமெயில் யூஸர்ஸுக்கு ஒரு டிப்ஸ்: ஜிமெயிலின் லேபிள்கள் இங்கே ஃபோல்டராகத் தெரியும். 'ஆல் மெயில்' என்ற ஃபோல்டரும் வரும் என்பதால் ஒரே மெயில் ரெண்டு இடத்தில் இருக்கிற மாதிரி தோணும். 'டூப்ளிகேட் போல'ன்னு டெலீட் பண்ணிடாதீங்க. பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸின் லேபிள்ஸ் பகுதியில், ஆல் மெயிலுக்கு நேரே இருக்கும் 'ஷோ இன் ஐமேப்' டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

இன்பாக்ஸைச் சுத்தம் பண்ணலாமா?

ஃபில்டர்தான் இங்கே ஹீரோ. டூல்ஸ் மெனுவில் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' இருக்கும். 'சப்ஜெக்ட்டில் இன்டர்வியூ என்ற வார்த்தை இருந்தா ஸ்டார் போடு', 'இந்த ஷாப்பிங் தளத்திலிருந்து வந்தா ஆஃபர்ஸ் ஃபோல்டருக்குத் தள்ளு' என்று விதிகள் எழுதலாம். நாலைந்து ஃபில்டர் போட்டாலே பாதிக் கூட்டம் கலைஞ்சுடும். ஆனா, இந்த ஃபில்டர்கள் தண்டர்பேர்டு திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். போனிலும் அதே ஒழுங்கு வேணும்னா ஜிமெயிலின் சொந்த ஃபில்டரைப் பயன்படுத்துங்க.

மெயிலைத் தேர்வு செஞ்சு 1 முதல் 5 வரை ஏதாவது எண்ணை அழுத்தினா வண்ண டேக் விழும். 1 முக்கியம், 2 வேலை, 3 பர்சனல், 4 செய்ய வேண்டியது, 5 அப்புறம் பார்க்கலாம்.

ஸ்பேம் ஃபோல்டரை வாரம் ஒருமுறையாவது பாருங்க. ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போன மெயில் 30 நாளில் தானாக அழிந்துவிடும். புதிய கம்பெனியின் ஹெச்.ஆர் அனுப்பிய மெயில் அங்கே தூங்கிட்டிருக்க வாய்ப்பு இருக்கு.

'ரெஸ்யூமே இணைத்துள்ளேன்'னு எழுதிட்டு ஃபைலை இணைக்காம அனுப்பின அனுபவம் பலருக்கும் உண்டு. மெயிலில் அட்டாச்மென்ட் போன்ற ஆங்கில வார்த்தை இருந்து ஃபைல் இல்லைன்னா தண்டர்பேர்டு எச்சரிக்கும். தமிழில் எழுதுறவங்க, செட்டிங்ஸில் அந்த வார்த்தைப் பட்டியலுக்குப் போய் 'இணைப்பு', 'இணைத்துள்ளேன்' என்று சேர்த்துக்கலாம்.

காலண்டர்: இங்கேதான் பலர் கோட்டை விடறாங்க

தண்டர்பேர்டில் 'ஹோம்' என்ற பெயரில் ஒரு காலண்டர் ஏற்கெனவே இருக்கும். அது அந்த லேப்டாப்புக்குள் மட்டுமே வாழும். அதில் இன்டர்வியூ தேதியைப் போட்டுட்டு லேப்டாப்பை மூடிட்டா, எந்த ரிமைண்டரும் அடிக்காது.

அதனால முதல் வேலையா கூகுள் காலண்டரை இணைச்சுடுங்க. புதிய காலண்டர் சேர்க்கும் இடத்தில் 'ஆன் தி நெட்வொர்க்' என்பதைத் தேர்வு செஞ்சு ஜிமெயில் ஐடியைக் கொடுத்தா, உங்க காலண்டர்களை அதுவே தேடி எடுத்துக் காட்டும். இனி லேப்டாப்பில் போடுற தேதி போனிலும் வரும், போனே ரிமைண்டர் அடிக்கும். இரண்டும் பேசிக்கொள்ள உதவுவது கால்டாவ் என்ற பொது விதிமுறை.

மெயிலில் வரும் தேதியைக் கைப்பட டைப் செய்ய வேண்டாம். மெயில் மேல் வலது கிளிக் செய்து 'கன்வெர்ட் டூ' போய் 'ஈவென்ட்' கொடுத்தால், சப்ஜெக்ட் வரியே நிகழ்ச்சியின் பெயராக வந்துடும். நேரத்தை மட்டும் சரிபார்த்தால் போதும்.

நேரம்னு சொன்னதும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க கம்பெனியின் ஆன்லைன் இன்டர்வியூ நியூயார்க் நேரப்படி காலை 10 மணின்னா, நமக்கு எத்தனை மணி? ஜூன் மாதத்தில் இரவு 7.30. டிசம்பரில் இரவு 8.30. அங்கே மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி மாற்றுகிறார்கள். மனக்கணக்கு போடாம, ஈவென்ட்டில் டைம் ஸோனை நியூயார்க் என்று தேர்வு செஞ்சுடுங்க. மாற்றிக் காட்டும் வேலையைக் காலண்டர் பார்த்துக்கும். அதே மாதிரி 05/06 என்று தேதி வந்தா, நமக்கு அது ஜூன் 5. அமெரிக்கர்களுக்கு மே 6. சந்தேகம் இருந்தா, மாதத்தின் பெயரை எழுதிக் கேட்டு ஒரு பதில் அனுப்புறதுல தப்பே இல்ல.

போலி ஆஃபர் லெட்டரைப் பிடிக்கலாம்

பெரிய ஸ்க்ரீனுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. ஒரு லிங்க்கின் மேல் மவுஸை வைத்தால் (கிளிக் வேண்டாம்) அது உண்மையில் எங்கே போகுதுன்னு ஜன்னலின் அடிப்பகுதியில் தெரியும். மேலே கம்பெனி பெயர், கீழே சம்பந்தமே இல்லாத முகவரின்னா உஷார். அனுப்புனர் பெயரை மட்டும் பார்க்காம, முழு ஐடியையும் பாருங்க.

'டெபாசிட் கட்டுங்க, வேலையில் சேர்ந்ததும் திருப்பித் தருவோம்'னு பணம் கேட்கிற ஆஃபர் லெட்டரை நம்பாதீங்க. ஏமாந்து பணம் போயிடுச்சுன்னா, தாமதிக்காம 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழைங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவு நல்லது.

காலேஜ் ஐடியை மூடுறதுக்கு முன்னாடி...

ஃபைனல் இயர் மாணவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்க. காலேஜ் ஐடியை ஐமேப்பில் சேர்த்து, எல்லா மெயிலும் முழுசா இறங்கட்டும். அப்புறம் இடது பக்கம் இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' கீழே ஒரு புது ஃபோல்டர் உருவாக்குங்க. தேவையான மெயில்களைத் தேர்வு செஞ்சு, வலது கிளிக்கில் 'காப்பி டூ' கொடுத்து அங்கே சேருங்க. கவனம், 'மூவ் டூ' இல்ல! இனி ஐடி மூடப்பட்டாலும் இந்தக் காப்பி உங்ககிட்டேயே இருக்கும். லேப்டாப்பும் ஒருநாள் பழுதாகும் என்பதால், தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை ஒரு பென்டிரைவிலும் எடுத்து வைங்க.

கடைசியா ஒண்ணு. லேப்டாப்பை ரூம்மேட்டோடு பகிர்ந்துக்கிறீங்கன்னா, தண்டர்பேர்டில் 'பிரைமரி பாஸ்வேர்டு' வைங்க. அது சேமித்த பாஸ்வேர்டுகளைக் காக்கும். ஆனா இறங்கிய மெயில்களைப் பூட்டாது என்பதால், விண்டோஸிலேயே உங்களுக்குத் தனி யூஸர் அக்கவுன்ட்டும் பாஸ்வேர்டும் அவசியம். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இதை இன்ஸ்டால் பண்ணவே வேண்டாம்.

மொத்தமா செட் பண்ண ஒரு மணி நேரம் ஆகும், மக்களே. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தின் முதல் பாதியை மட்டும் தியாகம் பண்ணுங்க. ரெண்டு அக்கவுன்ட், நாலு ஃபில்டர், ஒரு காலண்டர்... இது போதும் ஆரம்பிக்க!